ஆட்சென்ஸ் விதிகள் மாறும்போது என்ன செய்வது? வேலூர்ப் பக்கத்துப் புதிய தள உரிமையாளர்களுக்கு

“எங்கள் நிபந்தனைகள் மாறுகின்றன” என்று கூகுள் ஆட்சென்ஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. ஆட்சென்ஸ் என்பது உங்கள் தளத்தில் விளம்பரம் காட்டி, அந்த வருமானத்தில் உங்களுக்குப் பங்கு தரும் கூகுள் சேவை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்தில் வலைத்தளம் நடத்தும் இளைஞர்களில் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மீதிப் பேர் கணக்கே போய்விட்டது என்று பதறுகிறார்கள். யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளத்தைக் கலைத்துப்போடுகிறார்கள். இரண்டுமே தேவையற்ற வேலை. இந்த அறிவிப்புகளில் பெரும்பாலானவை உங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. சில மட்டும் கேட்கும். அப்படிக் கேட்கும்போது ஒரு கடைசித் தேதியும் கூடவே இருக்கும். அந்தச் சிலவற்றை இனம்கண்டு, எதை முன்னால் செய்வது, எதை ஆறப்போடலாம் என்று முடிவு செய்யத் தெரிந்தால் போதும்.

இது புதியவர்களுக்கானது. தமிழில் தளம் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஆட்சென்ஸ் 2003இல் தொடங்கியது. தமிழை அது ஏற்றுக்கொண்டதோ 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்பு தமிழ்த் தளக்காரர்கள் ஆங்கிலப் பக்கங்களைக் காட்டிக் கணக்கு வாங்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஆலோசனைகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ‘ஒரு பக்கத்துக்கு மூன்று விளம்பரம்தான்’ என்பது அவற்றில் ஒன்று. அந்த எண்ணிக்கை வரம்பை 2016இலேயே எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ள விதி வேறு: பக்கத்தில் உள்ளடக்கத்தைவிட விளம்பரம் மிகுந்துவிடக் கூடாது. இதைச் சொல்லாமல் மூன்று, மூன்று என்று ஓதும் காணொளியை அங்கேயே மூடிவிடலாம். அதில் மற்றதும் பழையதாகத்தான் இருக்கும்.

முதல் படி: அஞ்சல் உண்மையானதா?

மின்னஞ்சலில் உள்ள இணைப்பைச் சொடுக்காதீர்கள். உலாவியில் நீங்களே ஆட்சென்ஸ் முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே போங்கள். உண்மையான மாற்றமாக இருந்தால் கணக்கின் முகப்பிலோ அறிவிப்புப் பகுதியிலோ அதே செய்தி இருக்கும். இல்லையென்றால் அந்த அஞ்சலை நம்ப வேண்டாம். “24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் கணக்கு முடக்கப்படும்” என்று மிரட்டிக் கடவுச்சொல் கேட்கும் அஞ்சல்கள் திருட்டு அஞ்சல்கள். கணக்கு எந்த ஜிமெயிலில் இருக்கிறதோ அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டுவையுங்கள். தளத்தை வடிவமைத்துத் தந்த நண்பரின் ஜிமெயிலிலேயே கணக்கு கிடந்தால், விதிமாற்ற அறிவிப்பு அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. குடியாத்தத்திலும் வாலாஜாவிலும் இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. கணக்கு உங்கள் பெயரில், உங்கள் ஜிமெயிலில் இருக்க வேண்டும். வடிவமைப்பாளருக்கு வேண்டுமானால் பயனராக அனுமதி கொடுங்கள்.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைப் படியுங்கள்

முழு ஒப்பந்தத்தையும் படியுங்கள் என்று சொன்னால் யாரும் படிக்கப் போவதில்லை. நான்கு இடங்களை மட்டும் படித்துவிடுங்கள்.

ஒன்று, மாற்றம் எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பது. ஆட்சென்ஸ் நிபந்தனைகளின்படி, மாற்றங்கள் முன்தேதியிட்டுச் செல்லா. பொதுவாக வெளியிட்ட 14 நாட்களுக்குப் பின் அமலாகும். புதிய வசதி தொடர்பான மாற்றமும் சட்டக் காரணத்துக்காகச் செய்யும் மாற்றமும் உடனே அமலாகலாம். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை; தொடர்ந்து விளம்பரம் காட்டினாலே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். சில மாற்றங்களுக்கு மட்டும் கணக்குக்குள் ஒப்புதல் பொத்தான் வரும்.

இரண்டு, பணத் தகராறு. வந்த தொகை குறைவு என்று தோன்றினால், அந்தப் பணம் வந்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். ஆடி மாதத்துக் கணக்கைத் தீபாவளிக்குப் பிறகு கேட்க முடியாது.

மூன்று, இரகசியம். இதை மீறுகிறவர்களே அதிகம், தெரியாமல்தான். கூகுள் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தது என்ற மொத்தத் தொகையைச் சரியாகச் சொல்லலாம். எத்தனை பேர் பார்த்ததில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற விகிதத்தையும் அதுபோன்ற செயல்பாட்டுப் புள்ளிவிவரங்களையும் வெளியிடக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பெருமைக்காக டாஷ்போர்டைப் படம் பிடித்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நான்கு, விலகும் வழி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: பங்கு எப்படிப் பிரிகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

அண்மைக் காலத்தின் பெரிய மாற்றம் இதில்தான். 2023 நவம்பரில் அறிவித்து, 2024 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் இரண்டு செய்திகள் கலந்திருந்தன. இன்றுவரை பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, எதற்குப் பணம் என்பது. அதுவரை முதன்மையாகச் சொடுக்குக்குப் பணம். அதன்பின் விளம்பரம் காட்டப்பட்டதற்குப் பணம். விளம்பரத் துறையில் மற்றவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள், நாங்களும் அதற்கு மாறுகிறோம் என்பது கூகுள் சொன்ன காரணம்.

இரண்டாவது, பங்கீடு. முன்பு உள்ளடக்கப் பக்கங்களில் தள உரிமையாளருக்கு 68 சதவீதம் என்று ஒரே வரியில் சொன்னார்கள். இப்போது இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: விளம்பரதாரருக்காக விளம்பர இடத்தை வாங்கித் தரும் சேவை (இதை ‘வாங்கும் தளம்’ என்போம்) தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவதில் 80 சதவீதம் உங்களுக்கு.

இலவம்பாடி முள் கத்தரிக்காய் மண்டிக்குப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் பக்கம் ஒரு தரகர், விற்கிறவர் பக்கம் ஒரு தரகர். முன்பு இருவர் கமிஷனையும் சேர்த்து ஒரே தொகையாகக் கழித்தார்கள். இப்போது தனித்தனியாகக் கழித்துச் சீட்டில் எழுதுகிறார்கள். விளம்பரதாரர் 100 ரூபாய் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கூகுளின் சொந்த வாங்கும் தளமான கூகுள் ஆட்ஸ் வழியாக வந்தால், அது சராசரியாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 85. அதில் 80 சதவீதம் உங்களுக்கு. கணக்கிட்டால் 68 ரூபாய். 17 ரூபாய் ஆட்சென்ஸுக்கு. தொகை பழையதேதான்.

வேறுபாடு எங்கே வரும்? விளம்பரதாரர் வேறு ஒரு வாங்கும் தளத்தின் வழியாக வரும்போது. அந்தத் தளம் 20 ரூபாய் எடுத்தால் உங்களுக்கு 64 கிடைக்கும். 10 எடுத்தால் 72 கிடைக்கும். அந்தக் கட்டணம் உங்கள் கையில் இல்லை. ஆகவே ‘80 சதவீதமாக உயர்த்திவிட்டார்கள்’ என்று குதிப்பதும் தவறு, ‘68ஐக் குறைத்துவிட்டார்கள்’ என்று புலம்புவதும் தவறு. தளத்தில் தேடல் பெட்டி வைத்து அதன் வழியாக வரும் விளம்பரத்துக்கு 51 சதவீதம் என்பது தனிக் கணக்கு. நம் ஊர்த் தளங்களில் அதைப் பயன்படுத்துவோர் குறைவு.

காட்டலுக்குப் பணம் என்றானவுடன் சிலர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்: பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பது, நண்பர்களைத் திறந்துவைக்கச் சொல்வது. சொடுக்கு மட்டும்தான் கண்காணிக்கப்படுகிறது என்ற நினைப்பு. போலிக் காட்டலும் ‘செல்லாத போக்குவரத்து’ என்று கூகுள் சொல்லும் போலிப் பார்வைகள், போலிச் சொடுக்குகளின் கணக்கில்தான் சேரும். பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள், அளவு மீறினால் கணக்கை முடக்குவார்கள். இதில் எதிரியைவிட உறவினர்கள்தாம் ஆபத்து. ‘நம்ம பையன் தளம், ஆளுக்கு நாலு விளம்பரத்தை அமுக்குங்கள்’ என்று சித்தப்பா குடும்பக் குழுவில் போட்டால், அந்த அன்பின் விலை உங்கள் கணக்கு. முதல் நாளே வீட்டில் சொல்லிவையுங்கள்: படிக்கலாம், பகிரலாம், விளம்பரத்தைத் தொட வேண்டாம்.

நான்காம் படி: பெயர், முகவரி, வங்கி

விதி எது மாறினாலும், மாறியபின் கூகுள் முதலில் கேட்பது ‘நீங்கள் யார்’ என்பதைத்தான். இங்கேதான் தமிழ்நாட்டுக்காரர்கள் தடுக்கி விழுகிறோம். காரணம் நம் தலைப்பெழுத்து.

பள்ளிச் சான்றிதழில் ‘கே. முருகன்’ என்று இருக்கும். பான் அட்டையில் தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரையும் முழுதாகப் போட்டிருப்பார்கள். வங்கிக் கணக்கில் ‘முருகன் கே’ என்று பின்னால் இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். இயந்திரத்துக்கு மூன்று பேர். ஆட்சென்ஸில் பெறுநர் பெயரை நிரப்புவதற்கு முன் வங்கிப் புத்தகத்தையும் பான் அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் முதலில் வங்கியில் பெயரைத் திருத்துங்கள். காட்பாடியிலோ ஆற்காட்டிலோ கிளைக்கு ஒரு நடை போய்வந்தால் முடிந்துவிடும். ஆட்சென்ஸில் பெயரை மாற்றுவதைவிட அது எளிது. ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்பதையும் மறக்காதீர்கள். கணக்கு வைத்திருக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

அடுத்தது முகவரி. வருமானம் 10 டாலரைத் தொட்டதும் அடையாளத்தையும் முகவரியையும் சரிபார்ப்பார்கள். முகவரிக்கு ஆறு இலக்க இரகசிய எண் கொண்ட ஒரு காகிதம் சாதாரணத் தபாலில் வரும். பதிவுத் தபால் இல்லை, கையெழுத்து வாங்க மாட்டார்கள். வந்துசேர 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் எண் உருவான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் அதைக் கணக்கில் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

நம் பகுதிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019இல் வேலூர் மறுபடி பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் உருவாயின. அதனால் ஆம்பூர்க்காரர் ஒருவரிடம் திருப்பத்தூர் மாவட்டம் என்று ஓர் அட்டையும், வேலூர் மாவட்டம் என்று ஓர் அட்டையும், அப்பா காலத்து நிலப் பத்திரத்தில் வட ஆற்காடு என்றும் இருப்பது சாதாரணம். ஆட்சென்ஸில் எதைப் போடுவது? எந்த அடையாள அட்டையைப் பதிவேற்றப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே போடுங்கள். தபால் போய்ச் சேருவதற்கு மாவட்டப் பெயரைவிட அஞ்சல் குறியீட்டு எண்தான் முக்கியம்: ஆம்பூருக்கு 635802, ராணிப்பேட்டைக்கு 632401, குடியாத்தத்துக்கு 632602, காட்பாடிக்கு 632007. கதவு எண்ணில் பழையது, புதியது இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். கிராமமாக இருந்தால் தெருப் பெயரோடு, தபால்காரருக்குத் தெரிந்த வீட்டுப் பெயரையும் ஓர் அடையாளத்தையும் சேருங்கள். அவரிடம் வாய்விட்டும் சொல்லிவையுங்கள். வெளிநாட்டு விளம்பரக் காகிதம் என்று நினைத்து வீட்டார் குப்பையில் போட்டுவிட்டால் அதை மீட்க முடியாது.

வங்கி. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கிளம்பும். ஒரு மாதத்து வருமானம் அடுத்த மாதத் தொடக்கத்தில் இறுதியாகி, 21 முதல் 26ஆம் தேதிக்குள் அனுப்பப்படும். வங்கி விவரத்தை மாற்றுவதானால் 20ஆம் தேதிக்குள் மாற்றிவிடுங்கள். மதிப்பீட்டு வருமானம் என்று அன்றாடம் தெரிவது இறுதித் தொகை இல்லை. செல்லாத காட்டல்களைக் கழித்தபின் குறையும். அதை நம்பிக் கைப்பேசிக்குத் தவணை போட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் வருவதற்கு ஐ.எஃப்.எஸ்.சி. எண் மட்டும் போதாது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோருக்கு உங்கள் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் எண் வேண்டும். அணைக்கட்டு, பேரணாம்பட்டு போன்ற இடங்களில் உள்ள சிறு கிளைகளுக்குப் பெரும்பாலும் சொந்த ஸ்விஃப்ட் எண் இருக்காது. வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் எண்ணைத் தருவார்கள், அதைப் போட்டுக்கொள்ளலாம். இணையத்தில் தேடி எடுத்த எண்ணைப் போடாமல் கிளை மேலாளரிடம் எழுதி வாங்குங்கள். பணம் வந்ததும் ‘எதற்காக’ என்று வங்கி கேட்கும். விளம்பரச் சேவைக்கான ரிசர்வ் வங்கி நோக்கக் குறியீடு பி1007. அதைச் சொன்னால் காசாளருக்கு வேலை முடிந்தது. குடும்பத்துக்கு அனுப்பிய பணம் என்று எழுதிவிட்டால் பின்னால் வருமான வரியில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார்?

‘நான் ஆம்பூர் பிரியாணி பற்றித் தமிழில் எழுதுகிறேன், ஐரோப்பியச் சட்டம் எனக்கு எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கே இந்தப் பகுதி.

தமிழ்த் தளத்துக்கு வாசகர்கள் எங்கிருந்தெல்லாம் வருகிறார்கள் என்று புள்ளிவிவரத்தில் பாருங்கள். பாரிஸ், லண்டன், சூரிச், ஓஸ்லோ எல்லாம் வரிசையாக நிற்கும். ஈழத்தமிழர்கள் குடியேறிய நாடுகள் அவை. ஆற்காட்டு மக்கன் பேடாவின் செய்முறையை அங்கே ஒருவர் படிக்கிறார் என்றால், அவருடைய உலாவியில் குக்கீ (வாசகரை அடையாளம் வைத்துக்கொள்ளும் சிறு கோப்பு) வைப்பதற்கு அவரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதையொட்டி ஆட்சென்ஸ் தன் விதியை இறுக்கியது: ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் பிரிட்டனிலும் உள்ள வாசகர்களுக்கு விளம்பரம் காட்ட, வாசகரிடம் அந்த அனுமதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும், கூகுள் சான்றளித்த ஒப்புதல் கருவி ஒன்று தளத்தில் இருக்க வேண்டும். இது 2024 ஜனவரி 16 முதல். சுவிட்சர்லாந்துக்கு 2024 ஜூலை 31 முதல். நீங்கள் எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்கள் என்பது இதில் கணக்கே இல்லை. வாசகர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கணக்கு.

செய்ய வேண்டியது கடினமில்லை. ஆட்சென்ஸ் கணக்கின் இடப்பக்கப் பட்டியலில் தனியுரிமைக்கும் செய்திகளுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஐரோப்பிய விதிமுறைகளுக்கான செய்தியைத் தேர்ந்தெடுத்து, உங்கள் தளத்தைக் குறித்து, வெளியிடுங்கள். கூகுளின் சொந்தக் கருவி இலவசம். ‘சம்மதம்’, ‘சம்மதம் இல்லை’, ‘விருப்பங்களை மாற்று’ என மூன்று தேர்வுகளையும் வைத்துவிடுங்கள். மறுக்கும் வழியை ஒளித்துவைக்க ஆசைப்படாதீர்கள். வேலூரிலிருந்து உங்கள் தளத்தைத் திறந்தால் இந்தச் செய்தி உங்களுக்குத் தெரியாது. வரவில்லையே என்று மறுபடி மறுபடி நிறுவ வேண்டாம். லண்டனில் இருக்கும் உறவினரைத் திறந்துபார்க்கச் சொல்லி ஒரு படம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவி இல்லாவிட்டால் என்ன ஆகும்? தளம் மூடப்படாது. அந்த நாட்டு வாசகர்களுக்குக் காட்டும் விளம்பரங்கள் சுருங்கும், வருமானம் விழும். ஐரோப்பிய வாசகருக்குக் காட்டும் விளம்பரத்துக்கு இந்திய வாசகரைவிடப் பொதுவாக அதிக விலை கிடைக்கும் என்பதால் இந்த இழப்பு சிறிய தளத்துக்கும் உறைக்கும்.

கூடவே தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கம் தளத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். மூன்றாம் தரப்பினர் குக்கீகளைப் பயன்படுத்துகிறார்கள், அவற்றை வாசகர் எப்படி மறுக்கலாம் என்பது அதில் இருக்க வேண்டும். வேறொரு தளத்திலிருந்து வெட்டி ஒட்டி, அந்தத் தளத்தின் பெயரை மாற்றக்கூட மறந்த பக்கங்களை நம் மாவட்டத்திலேயே காட்ட முடியும். இந்தியாவிலும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நீங்களே தமிழில் எழுதிவைத்தால் இரண்டுக்கும் உதவும்.

ஆறாம் படி: பக்கத்தில் இருப்பதைச் சரிபாருங்கள்

வேலூர்த் தளங்களுக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். அவர்களுக்காகத் தங்கும் விடுதி, ரயில் நேரம், வங்காளச் சாப்பாட்டுக் கடை என்று தகவல் தரும் தளங்கள் நிறைய உண்டு. நல்ல சேவை. ஆனால் மருத்துவமனையின் சின்னத்தைப் போட்டு, ‘முன்பதிவு’ என்று ஒரு பொத்தான் வைத்து, அதிகாரபூர்வத் தளம் போலத் தோன்றச் செய்தால் அது ஆட்சென்ஸ் விதிமீறல். வேறு ஒரு நிறுவனத்தோடு தொடர்பு இருப்பதாகப் பொய்யாகக் காட்டும் பக்கத்தில் விளம்பரம் வைக்கக் கூடாது என்று கொள்கையில் தெளிவாக இருக்கிறது. ‘இது தனியார் தகவல் தளம்; மருத்துவமனையோடு தொடர்பில்லை’ என்று மேலேயே, பெரிய எழுத்தில் எழுதுங்கள். பல்கலைக்கழகச் சேர்க்கை, அரசு வேலை அறிவிப்பு, பொற்கோயில் தரிசனம் பற்றி எழுதுபவர்களுக்கும் இதுவே.

இன்னொன்று, கூகுள் தேடல் 2024 மார்ச்சில் கொண்டுவந்த புதிய ஸ்பேம் கொள்கைகள். வாசகருக்குப் பயனில்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை அவை தடுக்கின்றன. கையால் எழுதினாலும் இயந்திரத்தால் எழுதினாலும் ஒன்றுதான். காலாவதியான பழைய தளப் பெயரை வாங்கி அதன் நற்பெயரில் குளிர்காய்வதும் அதில் சேரும். தேடலின் ஸ்பேம் கொள்கையை மீறும் பக்கத்தில் ஆட்சென்ஸ் விளம்பரமும் கூடாது என்பதால், இந்த விதிமாற்றம் ஆட்சென்ஸ் அஞ்சலாக வராமலே உங்களைத் தொட்டுவிடும். ‘வேலூர் மாவட்டத்தின் சிறந்த 10 இடங்கள்’ என்று ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்த பக்கங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். அமிர்தி அருவிக்கு எந்த மாதத்தில் தண்ணீர் வரும், எந்த பஸ் போகும் என்று போய்ப் பார்த்து எழுதிய ஒரே பக்கம் அந்த நூறு பக்கத்தைவிடக் காசு பார்க்கும்.

ஆட்ஸ் டாட் டி.எக்ஸ்.டி. (ads.txt) என்பது உங்கள் தளத்தின் விளம்பர இடத்தை யார் விற்கலாம் என்று சொல்லும் சிறு உரைக் கோப்பு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் பெயரில் வேறு யாரும் போலியாக விளம்பர இடம் விற்காமல் இருப்பதற்காக 2017இல் வந்த ஏற்பாடு. ஆட்சென்ஸ் தரும் ஒற்றை வரியை அப்படியே நகலெடுத்துத் தளத்தின் மூலக் கோப்புறையில் வையுங்கள். கோப்பு இல்லை என்று ஆட்சென்ஸ் கணக்கில் காட்டும் எச்சரிக்கை மறைய சில நாட்கள் ஆகும், பொறுங்கள்.

ஏழாம் படி: வரித் தாள்கள்

இந்தியத் தள உரிமையாளர்களுக்குப் பணம் கூகுளின் சிங்கப்பூர் நிறுவனத்திலிருந்து வருகிறது. அதனால் சிங்கப்பூர் வரித் தகவல் கேட்பார்கள். இந்தியாவில் வரி செலுத்துபவர் என்பதற்கான வசிப்பிடச் சான்று தேவைப்பட்டால் வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஆடிட்டர் மூலம் பெறலாம். அமெரிக்க வரிப் படிவமும் எட்டிப்பார்க்கும். அதன் பிடித்தம் பெரும்பாலும் யூடியூப் வைத்திருப்பவர்களைப் பாதிப்பது. அங்கேயும் படிவம் கொடுத்தால் இந்திய ஒப்பந்தப்படி 15 சதவீதம், கொடுக்காவிட்டால் 30 வரை போகலாம். எனவே கேட்கும்போது நிரப்பிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றித்தான் ஊரில் வதந்தி அதிகம். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆட்சென்ஸோடு வேறு தொழிலும் இருந்தால் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதில் மட்டும் அசட்டை வேண்டாம். பணம் வங்கி வழியாக, குறியீட்டோடு வருகிறது. மறைத்துவைக்கும் இடமே கிடையாது.

எட்டாம் படி: மாற்றம் பிடிக்கவில்லை என்றால்

ஏற்க விருப்பமில்லாத நிபந்தனை வந்தால் சம்பந்தப்பட்ட சேவையைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்பதே ஒப்பந்தம். பேரம் பேச வழியில்லை. கோபத்தில் முதலில் விளம்பர நிரலைத் தளத்திலிருந்து எடுக்கத் தோன்றும். எடுங்கள், தவறில்லை, கணக்கை மூடுவதை மட்டும் ஆற அமர முடிவு செய்யுங்கள். ரத்து செய்யும்போது 10 டாலருக்குக் குறைவாக இருப்பு இருந்தால் அது கிடைக்காது. அதற்கு மேல் இருந்தால், கணக்கு முடிந்த மாதம் கழிந்து ஏறத்தாழ 90 நாட்களுக்குள் அனுப்புவார்கள், முகவரியும் வங்கியும் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டிருந்தால். இரகசிய எண் வராமல் நிலுவையில் இருக்கும்போது மூடப் போகாதீர்கள்.

மூடுவதற்கு முன், இதுவரை வந்த பணத்தின் ரசீதுகளைக் கணக்கிலிருந்து பதிவிறக்கிக்கொள்ளுங்கள். மூடியபின் அந்தப் பக்கம் திறக்காமல் போகலாம். ஆடிட்டர் ஜூலையில் கேட்பார்.